ஓடிய ஆயிலின் ஆய்வகச் சோதனை: ரயில் இன்ஜின் முதல் பழைய கார் வரை

இன்ஜினில் ஓடிய ஆயிலை ஆய்வகத்தில் சோதிக்கும்போது இரண்டு விடைகள் தேடப்படுகின்றன. ஆயில் இன்னும் உழைக்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்பது ஒன்று. அந்த ஆயில் சுற்றிவந்த இன்ஜின் எந்த இடத்தில், எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உதவும் கருவிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன. இரண்டாவது கேள்விக்கு நம்பத்தகுந்த விடை 1940களில்தான் கிடைத்தது. அது கிடைத்த இடம் அமெரிக்க மலைப்பாதை ஒன்றில் டீசல் ரயில்களை ஓட்டிய நிறுவனத்தின் சோதனைக்கூடம். தனி ஒருவரின் பழைய காருக்கு அந்தச் சோதனை வந்துசேர மேலும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. தாமதத்தில் செலவுக்கு ஒரு பங்கு உண்டு. பெட்ரோலில் கலந்திருந்த ஈயத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

இன்ஜினுக்குள் உலோகமும் உலோகமும் உரசும் ஒவ்வொரு இடத்திலும் துகள் உதிர்கிறது. ஆயில் படலம் நன்றாக இருந்தாலும் இந்த உதிர்தல் முழுதாக நிற்பதில்லை. உதிர்பவற்றில் பெரும்பாலானவை சில மைக்ரான் அளவே உள்ளவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். ஆயில் ஃபில்டரின் துளைகளைவிடச் சிறியவை என்பதால் இவை பிடிபடாமல் ஆயிலோடு சுற்றிக்கொண்டே இருக்கும். ஆய்வகம் இவற்றைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு, அதாவது இத்தனை பிபிஎம், என்று கணக்கிட்டுச் சொல்கிறது. நான்கு லிட்டர் ஆயிலின் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. அதில் 20 பிபிஎம் இரும்பு என்று அறிக்கை வந்தால், இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் முழுவதிலும் கலந்திருக்கும் இரும்பு வெறும் 70 மில்லிகிராம். இத்தனை சிறிய எடையை ஒரு சில துளி ஆயிலிலிருந்து கண்டுபிடிக்க வழி பிறந்த பிறகே இந்தத் துறை பிறந்தது.

அதற்கு முன்பு மெக்கானிக்குகளுக்குக் கண்ணும் மூக்கும் விரலும்தான் கருவிகள். டிப்ஸ்டிக்கில் ஒட்டிய ஆயிலை இரு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பார்கள். முகர்ந்து பெட்ரோல் வாடை வருகிறதா என்று கவனிப்பார்கள். கழற்றிய ஃபில்டரிலும் வடிகால் திருகாணியிலும் உலோகப் பொடி மின்னுகிறதா என்று தேடுவார்கள். இவற்றில் வாடையும் உலோகப் பொடியும் உண்மையான தகவலைத் தந்தன. நிறம் அப்படியல்ல. கறுத்த ஆயில் கெட்ட ஆயில் என்ற நம்பிக்கை இன்றும் பட்டறைகளில் வலுவாக இருக்கிறது. அது சோப்புத்தன்மை கொண்ட வேதிப்பொருள்கள் ஆயிலில் சேர்க்கப்படாத காலத்திலிருந்து மிஞ்சியது. 1930களின் நடுவில் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் ரிங்குகள் கரியில் ஒட்டிக்கொள்ளும் தொல்லையைத் தீர்க்கத்தான் கரியைப் பிடித்துத் தனக்குள் மிதக்கவிடும் ஆயில்கள் சந்தைக்கு வந்தன. அப்படிப்பட்ட ஆயில் கறுப்பது தன் வேலையைச் செய்வதால்தான். பழைய வகை ஆயில் தெளிவாகத் தெரிந்தபோது, அது சுமக்க வேண்டிய அழுக்கு சம்ப்பின் அடியிலும் வால்வு மூடிக்கு உள்ளேயும் சேறாகப் படிந்திருந்தது.

ஆயிலின் பாகுநிலையை எண்ணால் சொல்லும் முயற்சி 1880களில் தொடங்கியது. குறிப்பிட்ட அளவு ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் சிறு துளை வழியே வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார்கள். ஜெர்மனியில் எங்லர், பிரிட்டனில் ரெட்வுட், அமெரிக்காவில் சேபோல்ட் என்று நாட்டுக்கு ஒரு கருவி, கருவிக்கு ஒரு அலகு. இன்றைய ஆய்வகங்கள் கண்ணாடி நுண்குழாயில் 40 டிகிரியிலும் 100 டிகிரியிலும் அளந்து சென்டிஸ்டோக்ஸ் அலகில் தருகின்றன; அடிப்படைக் கருத்து மாறவில்லை. தீப்பற்றும் வெப்பநிலையை அளக்கும் மூடிய கிண்ணக் கருவியும் அதே காலத்தது. ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் அந்த வெப்பநிலை சட்டென்று இறங்கிவிடும் என்பதால், பெட்ரோல் கலப்பைக் கண்டறிய இந்தப் பழைய கருவி இன்றும் பயன்படுகிறது.

மசித்தாள் சோதனை இவற்றைவிட எளிது. ஓடிய ஆயிலில் ஒரு சொட்டை மசித்தாளில் விட்டுக் காயவைத்தால் வட்டம் வட்டமாகப் பரவும். கரி வெளி விளிம்பு வரை சீராகப் பரவியிருந்தால் ஆயிலின் சுமக்கும் சக்தி மிச்சம் இருக்கிறது. நடுவிலேயே கறுப்புப் பொட்டாக நின்றுவிட்டால் அந்தச் சக்தி தீர்ந்தது. சுற்றிலும் பிசிறான ஓரம் தெரிந்தால் தண்ணீர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இது முறைப்படுத்தப்பட்டுப் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. ஆய்வகமே இல்லாத ஊரிலும் ஒரு தாளை வைத்துச் செய்யக்கூடிய சோதனை இது. இன்று மறக்கப்பட்டுவருவது வருத்தத்துக்குரியது.

ஆனால் இந்த முறைகள் எதுவும் பேரிங் தேய்கிறதா, சிலிண்டர் தேய்கிறதா என்று சொல்லவில்லை. ஆயிலை எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, இரும்புக்கு ஒரு வினை, செம்புக்கு ஒரு வினை என்று தனித்தனியாகச் செய்து பார்ப்பது வேதியியலாளர்களுக்குத் தெரிந்த வழிதான். அதற்கு ஆகும் நேரத்துக்குள் வண்டி மறுபடி ஓடத் தொடங்கிவிடும்.

குறுக்குவழி ஒளியில் இருந்தது. 1859, 1860 ஆண்டுகளில் ஹைடல்பர்க் நகரில் ராபர்ட் புன்சனும் குஸ்தாவ் கிர்காஃபும் ஒவ்வொரு தனிமமும் சூடேறும்போது தனக்கே உரிய நிறக் கோடுகளை உமிழ்கிறது என்று நிறுவினார்கள். சீசியம், ருபிடியம் என்ற இரண்டு புதிய தனிமங்களை அவர்கள் அந்தக் கோடுகளைக் கொண்டே கண்டுபிடித்தார்கள். அடுத்த எண்பது ஆண்டுகளில், அந்தக் கோடுகளைப் பதிவுசெய்யும் நிறமாலை வரைவி உலோக ஆலைகளின் அன்றாடக் கருவியானது. எஃகில் எவ்வளவு குரோமியம் என்று பார்க்கும் கருவி ஆயிலில் எவ்வளவு குரோமியம் என்றும் பார்க்கும் அல்லவா என்ற எண்ணம் ரயில்வே வேதியியலாளர்களுக்குத் தோன்றியபோது இரண்டாவது கேள்விக்குக் கதவு திறந்தது.

டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் என்ற ரயில் நிறுவனம் கொலராடோவின் டென்வரிலிருந்து ராக்கி மலைத்தொடரைக் கடந்து யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி வரை வண்டி ஓட்டியது. ஏற்றமும் சுரங்கமும் நிறைந்த அந்தப் பாதையில் நீராவி இன்ஜின்களுக்குப் பதிலாக 1940களில் டீசல் இன்ஜின்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் 16 சிலிண்டர், சம்ப்பில் பல நூறு லிட்டர் ஆயில். மலையின் நடுவில் கிராங்க் பேரிங் ஒன்று உருகினால் கிராங்க்ஷாஃப்ட்டும் போகும், ஒற்றைப் பாதையும் அடைபடும். திறந்து பார்க்காமல் உள்ளே நடப்பதை அறியும் தேவை வேறு எவரையும்விட ரயில்வேக்கு இருந்தது. 1946ஆம் ஆண்டையொட்டி அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம் ஓடிய ஆயிலின் உலோக அளவை நிறமாலையில் படித்து இன்ஜின் கோளாறுகளை முன்கூட்டியே கண்டது. மற்ற ரயில் நிறுவனங்களும் விரைவிலேயே அதைப் பின்பற்றின.

அந்த வேலை இன்றைய கருவிகளைப் போல ஒரு நிமிடத்தில் முடிந்ததல்ல. கார்பன் மின்முனைகளுக்கு இடையில் எரியும் மின்வில்லின் ஒளியைப் புகைப்படத் தட்டில் பதிவுசெய்து, தட்டைக் கழுவி உலர்த்தி, ஒவ்வொரு கோட்டின் கறுப்பையும் அளந்து, அளவு தெரிந்த மாதிரியோடு ஒப்பிட வேண்டும். அதன் பிறகும் அந்த எண்ணுக்குப் பொருள் கண்டாக வேண்டும். இங்கேதான் ரயில்வேக்காரர்களின் உண்மையான கண்டுபிடிப்பு இருக்கிறது. எந்த எண் ஆபத்தானது என்று எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான இன்ஜின்கள் கைவசம் இருந்ததாலும், எண் ஏறிய இன்ஜினைத் திறந்து பார்க்கும் பட்டறை பக்கத்திலேயே இருந்ததாலும், எந்த உலோகம் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது, எவ்வளவு ஏறினால் கவலைப்பட வேண்டும் என்பதை அவர்கள் சொந்த அனுபவத்திலிருந்து எழுதிக்கொண்டார்கள். அறிக்கையை இன்ஜினோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நிறமாலை வெறும் எண்களின் பட்டியலாகவே நின்றிருக்கும்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்தின் ரயில் இன்ஜின்களில் பிஸ்டன் பின்னின் பேரிங்குக்கு வெள்ளி முலாம் பூசியிருந்தார்கள். ஆயிலில் வெள்ளி தெரியத் தொடங்கினால் தேய்வது எந்தப் பாகம் என்பதில் ஐயமே இல்லை. அந்த வெள்ளியைத் துத்தநாகம் கலந்த வேதிப்பொருள் அரிக்கும் என்பதால் அந்த இன்ஜின்களுக்கென்றே துத்தநாகம் இல்லாத ஆயில் தயாரானது. ஆகவே துத்தநாகம் தெரிந்தால் யாரோ தவறான ஆயிலை ஊற்றிவிட்டார்கள் என்று பொருள். குரோமியம் இன்னொரு வகை. அது ரிங் தேய்வதாலும் வரலாம். குளிர்விக்கும் நீரில் துரு பிடிக்காமல் இருக்க அன்று குரோமேட் உப்பைக் கரைத்தார்கள் என்பதால், அந்த நீர் ஆயிலுக்குள் கசிவதாலும் வரலாம். இரும்பும் சேர்ந்து ஏறினால் ரிங், குரோமியம் மட்டும் தனியே ஏறினால் நீர்க்கசிவு என்று பிரித்துப் படித்தார்கள். ஓர் உலோகத்தைத் தனியாகப் பார்க்காமல் அதன் துணைகளோடு பார்க்கும் இந்தப் பாடம் இன்றைய கார் அறிக்கைக்கும் அப்படியே பொருந்தும்.

1955இல் அமெரிக்கக் கடற்படை இந்த முறையை விமான இன்ஜின்களில் முயன்று பார்க்கத் தொடங்கியது. புளோரிடாவின் பென்சகோலா அதன் மையமானது. அறுபதுகளின் தொடக்கத்தில் தரைப்படையும் விமானப்படையும் தமக்கென்று திட்டங்களைத் தொடங்கின. பின்னர் முப்படைகளுக்கும் பொதுவான ஆயில் சோதனைத் திட்டமாக அவை இணைந்தன. கடலில் ஒரு கப்பலிலும் கரையில் ஒரு தளத்திலும் ஒரே விமானத்தின் ஆயிலைச் சோதித்தால் இரண்டு எண்களும் ஒத்துப்போக வேண்டும். அதற்காக அளவு தெரிந்த மாதிரிகளை எல்லா ஆய்வகங்களுக்கும் அனுப்பி விடைகளை ஒப்பிடும் ஏற்பாடு உருவானது. ஆய்வகத்தின் தரத்தை ஆய்வகமே நிரூபிக்க வேண்டும் என்ற இந்த ஒழுங்கு ராணுவம் தந்த கொடை.

கருவியும் வேகமெடுத்தது. புகைப்படத் தட்டின் இடத்தில் ஒளியை மின்சாரமாக மாற்றும் குழாய்கள் வந்தன. ஆயில் கிண்ணத்தில் பாதி மூழ்கிச் சுழலும் ஒரு கார்பன் சக்கரம் ஆயிலை மேலே எடுத்துவர, அதன் விளிம்பில் மின்பொறி பாய்ந்து ஆயிலை எரிக்கும்; பத்துப் பன்னிரண்டு தனிமங்களின் அளவு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஆலன் வால்ஷ் 1955இல் வெளியிட்ட அணு உட்கவர்தல் முறை சிறிய ஆய்வகங்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் கருவிகளைத் தந்தது. அறுபதுகளில் அமெரிக்காவில் வெல்மர் ஃபாசலும் பிரிட்டனில் ஸ்டான்லி கிரீன்ஃபீல்டும் ஆர்கான் வாயுவை மின்காந்தப் புலத்தால் ஆறாயிரம் டிகிரிக்கும் மேலே சூடேற்றும் பிளாஸ்மா முறையை வளர்த்தார்கள். எழுபதுகளின் நடுவிலிருந்து விற்பனைக்கு வந்த அந்தக் கருவிதான் இன்று கார் ஆயில் சோதிக்கும் ஆய்வகங்கள் பலவற்றில் இருப்பது.

இந்தக் கருவிகள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ஐந்து முதல் பத்து மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களே அவற்றில் முழுதாக எரிந்து கணக்கில் சேரும். அதற்கு மேற்பட்ட துகள் பாதி எரியும், அல்லது எரியாமலே விழும். மெல்ல மெல்லத் தேயும் பாகம் நுண்துகளை உதிர்க்கும் என்பதால் அது அறிக்கையில் பிடிபடும். களைப்பால் செதிள் செதிளாகப் பெயரும் பேரிங் பெரிய துகளை உதிர்க்கும். அறிக்கை அமைதியாக இருக்கும்போதே அது உடைந்துபோகலாம். விமான இன்ஜின்களில் அப்படி நடந்ததால் எழுபதுகளின் தொடக்கத்தில் வெர்னன் வெஸ்ட்காட் இரும்புத்துகள் வரைவி முறையை உருவாக்கினார். சாய்த்து வைத்த கண்ணாடித் தகட்டின் கீழே வலுவான காந்தத்தை வைத்து ஆயிலை மேலே வழியவிட்டால், பெரிய துகள்கள் முதலிலும் சிறியவை பிறகும் வரிசையாகப் படியும். நுண்ணோக்கியில் பார்த்தால் உரசலில் வந்த துகள் மெல்லிய தகடாகவும், வெட்டுண்டு வந்தது சுருளாகவும், களைப்பில் பெயர்ந்தது கட்டியாகவும் தெரியும். நேரமும் பயிற்சியும் கேட்கும் வேலை என்பதால் இது கார்களுக்கு அரிதாகவே செய்யப்படுகிறது.

ரயிலிலிருந்து லாரிக்கு இந்தச் சோதனை 1958இல் இறங்கியது. பசிபிக் இன்டர்மவுன்டன் எக்ஸ்பிரஸ் என்ற அமெரிக்க லாரி நிறுவனம் அந்த ஆண்டு தனக்கென்று ஆயில் ஆய்வகம் அமைத்தது. 1960இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் யாருடைய மாதிரியையும் கட்டணம் வாங்கிச் சோதிக்கும் தனியார் ஆய்வகம் திறக்கப்பட்டது. 1971இல் கேட்டர்பில்லர் தன் மண்வாரி இயந்திரங்களின் உரிமையாளர்களுக்கு ஆயில் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. எல்லாம் டீசல். பெட்ரோல் கார் மட்டும் விலகியே நின்றது.

இந்தியாவிலும் ரயில்வேயின் வழியாகவே இந்தக் கலை வேரூன்றியது. 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து டபிள்யூடிஎம்-2 வகை டீசல் இன்ஜின்கள் இறக்குமதியாயின. 1964 முதல் வாராணசி தொழிற்சாலையிலேயே அவை உருவாயின. 16 சிலிண்டரும் 2,600 குதிரைத்திறனும் கொண்ட அந்த இன்ஜின் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் ஆயிலைச் சுமந்தது. அவ்வளவு ஆயிலைக் கணக்கில்லாமல் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. பொன்மலை, ஈரோடு போன்ற டீசல் ஷெட்டுகளில் சோதனைக்கூடம் பராமரிப்பின் அங்கமானது. வண்டி ஷெட்டுக்குள் வந்ததும் மாதிரி எடுத்து, பாகுநிலை, நீர், மசித்தாள் பொட்டு, உலோக அளவு ஆகியவற்றைப் பார்த்து, அந்த வண்டியின் முந்தைய அளவோடு ஒப்பிடுவார்கள். ஆயிலை மாற்றுவதா, சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த பவர் அசெம்பிளியைத் திறப்பதா என்பது அந்த ஒப்பீட்டிலிருந்தே முடிவாகும். தமிழ்நாட்டில் ஓடிய ஆயிலை அறிவியல் முறையில் படித்தவர்களில் முன்னோடிகள் இந்த ஷெட்டுகளின் ஊழியர்கள்.

கார் ஏன் பின்தங்கியது என்பதற்குச் செலவுக் கணக்கு முதல் விளக்கம். ஆயிரம் லிட்டர் ஆயிலைக் காப்பாற்றும் சோதனைக்கு ஆகும் அதே செலவு நான்கு லிட்டருக்கும் ஆகும். ஆயிலையே மாற்றிவிடுவது மலிவு. இரண்டாவது விளக்கம் ஆழமானது.

1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் ஈயத்தைப் பெட்ரோலில் கலந்தால் இன்ஜின் இடிப்பது நிற்கும் என்று கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் உலகின் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை ஈயத்தை எரித்தே ஓடின. எரிந்த ஈயம் சிலிண்டரில் படியாமல் வெளியேற புரோமின், குளோரின் கலந்த சேர்மங்களையும் கூடவே கலந்தார்கள். பெரும்பகுதி புகையோடு காற்றில் போயிற்று. ஒரு பகுதி ரிங்குகளைத் தாண்டி சம்ப்புக்குள் இறங்கி ஆயிலில் கலந்தது. அதன் விளைவைச் சிறு கணக்கு ஒன்று காட்டும். லிட்டருக்கு அரை கிராம் ஈயம் உள்ள பெட்ரோலில் ஒரு கார் 3,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால் எரிந்த ஈயம் 150 கிராம். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டும் ஆயிலில் சேர்ந்தாலும் 3 கிராம். மூன்றரைக் கிலோ ஆயிலில் அது 850 பிபிஎம்முக்கும் மேல். பேரிங் தேய்ந்து வரும் ஈயமோ பெரும்பாலும் சில பத்து பிபிஎம்தான். ஆயிரத்தை நெருங்கும் எண்ணுக்குள் அந்தப் பத்து இருபதைத் தேடுவது வீண். கார் இன்ஜினில் மிக முக்கியமான பேரிங்கின் நிலையைச் சொல்லும் உலோகமே படிக்க முடியாததாகிவிட்டது.

இன்றும் இதை நேரில் காண ஓர் இடம் இருக்கிறது. சிறிய பிஸ்டன் விமானங்களின் பெட்ரோலில் ஈயம் முற்றாக நீங்கவில்லை. அந்த இன்ஜின்களின் ஆயில் அறிக்கையில் ஈயம் ஆயிரக்கணக்கான பிபிஎம் இருப்பது இயல்பு. படிப்பவர்கள் அந்த வரியை ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறார்கள்.

1975 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிப் பெட்டி வந்தது. ஈயம் அந்தப் பெட்டியைப் பாழாக்கும் என்பதால் ஈயமற்ற பெட்ரோல் கட்டாயமானது. 1996 தொடக்கத்தில் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் அங்கே முழுவதும் தடைசெய்யப்பட்டது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அதுவே. 2021இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு சாலைகளில் ஈயப் பெட்ரோலின் காலம் உலகெங்கும் முடிந்தது. குழந்தைகளின் மூளையைக் காக்க எடுத்த இந்த நடவடிக்கையின் ஓரமாக, காரின் பேரிங்கும் கண்ணுக்குத் தெரியலாயிற்று. 1985இல் இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் தொடங்கிய பிளாக்ஸ்டோன் ஆய்வகம் போன்றவை தனி உரிமையாளர்களின் கார் ஆயிலைத் தபாலில் வாங்கிச் சோதிப்பதைத் தொழிலாக்கியது ஈயம் விலகிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான். அங்கே சேரும் ஆயிரக்கணக்கான மாதிரிகளிலிருந்து ஒவ்வொரு இன்ஜின் வகைக்கும் சராசரி அளவு கணக்கிடப்பட்டு அறிக்கையில் அருகிலேயே அச்சாகிறது. ரயில்வே ஷெட்டுக்குத் தன் வண்டிகள் தந்த ஒப்பீட்டை, முன்பின் அறியாத உரிமையாளர்களின் கார்கள் ஒன்றுக்கொன்று தருகின்றன.

பழைய காருக்கு இந்தச் சராசரி பல சமயம் கிடைப்பதில்லை. அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பத்மினியாக ஓடிய ஃபியட் 1100 இன்ஜின் போன்றவற்றின் ஆயில் அவை தெருவெங்கும் ஓடிய காலத்தில் சோதிக்கப்படவே இல்லை எனலாம். ஆகவே உலோகத்திலிருந்து பாகத்துக்குப் போகும் பழைய ரயில்வே வழியே இங்கும் உதவும். வார்ப்பிரும்பு பிளாக், கிராங்க், கேம்ஷாஃப்ட், டேப்பட் ஆகியவற்றிலிருந்து இரும்பு வரும். அலுமினியம் பிஸ்டனிலிருந்து. செம்பும் ஈயமும் வெள்ளீயமும் பேரிங் ஓடுகளிலிருந்து: செம்பு–ஈயக் கலவையின்மேல் ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த மெல்லிய பூச்சு என்பது அந்த ஓடுகளின் பொதுவான அமைப்பு. முதலில் ஈயமும் வெள்ளீயமும் ஏறி, பிறகு செம்பும் ஏறத் தொடங்கினால் மேற்பூச்சு தேய்ந்து அடியுலோகம் வெளிப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். செம்பு மட்டும் தனியே ஏறினால் வெண்கல புஷ்ஷையோ ஆயில் கூலரையோ பார்க்க வேண்டும். 2000க்கு முன் பல ஆண்டுகள் ஈயப் பெட்ரோலில் ஓடிய இன்ஜினின் உள்ளே படிந்த பழைய ஈயம், புதிய சோப்பு வகை ஆயிலை ஊற்றியதும் கரைந்து வரக்கூடும். முதல் அறிக்கையில் ஈயம் அதிகமாக இருக்கிறதே என்று உடனே இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. அடுத்தடுத்த ஆயில் மாற்றங்களில் அது குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

சிலிக்கான் என்ற வரி பழைய கார்களில் மிகுந்த கவனத்துக்குரியது. சாலைப் புழுதி பெரும்பாலும் சிலிக்கான் சேர்மம். கார்புரேட்டருக்கு மேலே உள்ள ஏர் ஃபில்டரின் வளையம் சுருங்கியிருந்தாலோ ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ புழுதி நேராகச் சிலிண்டருக்குள் போகும். அப்போது சிலிக்கானோடு இரும்பு, அலுமினியம், குரோமியம் மூன்றும் சேர்ந்து ஏறும். சிலிக்கான் மட்டும் ஏறி மற்றவை அமைதியாக இருந்தால் அண்மையில் கேஸ்கெட்டுக்குப் பூசிய பசை காரணமாக இருக்கலாம்; அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஹெட் கேஸ்கெட் கசிவைச் சோடியமும் பொட்டாசியமும் காட்டிக்கொடுக்கும், அவை கூலன்ட்டில் கரைந்த உப்புகள் என்பதால். பழைய கார்களில் பலவற்றின் ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றியிருப்பார்கள். அங்கே இந்த அடையாளம் நம்பத்தகுந்ததல்ல. சூடான தகட்டில் ஒரு சொட்டை விட்டால் வெடித்துப் பொரிகிறதா என்ற எளிய சோதனையும், அதில் ஐயம் வந்தால் 1935இல் கார்ல் ஃபிஷர் வகுத்த தரம் பார்த்தலும் நீரின் அளவைச் சொல்லும். சோக் இழுத்து ஓட்டும் கார்புரேட்டர் காரில் பெட்ரோல் கலப்பு இன்னொரு வழக்கமான கோளாறு. எஸ்ஏஇ 40 தர ஆயில் 100 டிகிரியில் 12.5க்கும் 16.3க்கும் இடைப்பட்ட சென்டிஸ்டோக்ஸில் இருக்க வேண்டும். அறிக்கை 10 என்று காட்டி, தீப்பற்றும் வெப்பநிலையும் இறங்கியிருந்தால், கார்புரேட்டர் மிதவையையோ பெட்ரோல் பம்ப்பின் கிழிந்த சவ்வையோ பார்க்க வேண்டும்.

துத்தநாகம், பாஸ்பரஸ் என்ற இரண்டு வரிகள் பழைய கார் வைத்திருப்பவர்களிடையே பெரிய விவாதத்தைக் கிளப்பியவை. 1940களில் செம்பு–ஈயப் பேரிங்குகள் அரிபடாமல் இருக்க ஆயிலில் சேர்க்கத் தொடங்கிய ஒரு துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம், உரசும் பரப்பில் தானே ஒரு படலமாகப் படிந்து தேய்மானத்தையும் தடுப்பது பின்னர் தெரியவந்தது. கேம்ஷாஃப்ட்டின் மேல் தட்டையான டேப்பட் வழுக்கி ஓடும் பழைய வடிவமைப்புக்கு அந்தப் படலம் உயிர்நாடி. பாஸ்பரஸ் வினையூக்கிப் பெட்டியைக் கெடுக்கும் என்பதால் 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம் அதை 800 பிபிஎம்முக்குக் கட்டுப்படுத்தியது. அந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்கே உரியது. இந்தியப் பழைய கார்களில் ஊற்றப்படும் 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஆயில்களை அது கட்டுப்படுத்தவில்லை. இந்த வேறுபாட்டை அறியாமலே பலர் அஞ்சினார்கள். டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நம்பவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். புதிய ஆயிலையே ஒரு முறை சோதித்தால் உண்மை அளவு தெரிந்துவிடும். அந்தப் புதிய ஆயில் அறிக்கை அதன் பிறகு வரும் எல்லா அறிக்கைகளுக்கும் அளவுகோலாகவும் உதவும்.

ஆயிலின் காரத்தன்மையை அளப்பது, ஆயில் இன்னும் உழைக்குமா என்ற முதல் கேள்விக்குரிய சோதனை. எரிபொருள் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறியடிக்கக் கால்சியம், மக்னீசியம் சேர்மங்கள் புதிய ஆயிலில் கலக்கப்படுகின்றன. மாதம் இருமுறை வெளியே எடுத்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தப்படும் கார், நெடுஞ்சாலையில் தினமும் ஓடும் காரைவிடக் குறைந்த தூரத்திலேயே இந்த இருப்பைத் தீர்த்துவிடும். ஆயில் சரியாகச் சூடேறாததால் நீரும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கி அமிலமாகின்றன. நின்ற இடத்திலேயே சிலிண்டர் சுவரில் துரு பிடித்து அடுத்த முறை இரும்பாக ஆயிலில் இறங்குகிறது. அத்தகைய காரின் இரும்பு எண்ணைக் கிலோமீட்டரால் வகுத்துப் பார்த்தால் பயமுறுத்தும். மாதத்தால் வகுத்தால்தான் புரியும்.

மாதிரி எடுக்கும் முறை சரியில்லை என்றால் மிகச் சிறந்த கருவியும் பயன்படாது. வண்டி ஓடி ஆயில் சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். வடிகால் திருகாணியைத் திறந்ததும் முதலில் வரும் சேறும் கடைசியில் சொட்டுவதும் வேண்டாம். நடுவில் ஓடும் ஆயிலைச் சுத்தமான, உலர்ந்த புட்டியில் பிடிக்க வேண்டும். எத்தனை கிலோமீட்டர் ஓடிய ஆயில், எத்தனை மாதம் சம்ப்பில் இருந்தது, இடையில் எவ்வளவு ஊற்றி நிரப்பினார்கள் என்பவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும். ஆயில் குடிக்கும் பழைய இன்ஜினில் இரண்டு லிட்டர் புதிதாகச் சேர்த்திருந்தால் உலோக எண்கள் நீர்த்துப்போய், தேய்மானம் குறைந்ததாகத் தோன்றும்.

ஒரே ஓர் அறிக்கையை வைத்து இன்ஜினுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மூன்று ஆயில் மாற்றங்களின் எண்கள் வரிசையாக இருந்தால் மட்டுமே ஏற்றம் ஏற்றமாகத் தெரியும். ரிங்கும் பேரிங்கும் மாற்றிப் புதிதாகப் பூட்டிய இன்ஜினில் முதல் ஆயிலின் எண்கள் எல்லாமே உயரமாக இருக்கும், பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிர்வது அதிகம் என்பதால். இரண்டாவதிலும் அதன் எச்சம் கலந்திருக்கும். அந்த இன்ஜினின் உண்மையான தேய்மான அளவைச் சொல்லத் தொடங்குவது மூன்றாவது அறிக்கைதான்.